கோட்டுப் பையில் ஒரு சாப்பாடு

மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே சளி, இருமல் எதுவும் இல்லை. முழங்கால் மட்டும் குளிரோடு கொஞ்சம் சண்டை போடுகிறது. நீயும் உன் தையல் இயந்திரமும் எப்படி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்? இடது காது எப்படி? ஃபோனில் பேசினால் பாதி உனக்கு விழுவதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறாய். அதனால்தான் காகிதம். இத்தனை வயதான பிறகும் வாலு என்று எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நான் கல்யாணமாகி வந்த முதல் நாளே என் செருப்பை ஒளித்துவைத்த நாத்தனாருக்கு வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

டிராம் ஓட்டுவது பழகிவிட்டது. தண்டவாளம் போகிற இடத்துக்குத்தானே போக முடியும்? அதில் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் சாப்பாடுதான். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினால் கிடைப்பது ஒரு துளி இடைவேளை. கழிவறைக்கு ஓடி, கண்ணாடியைத் துடைத்து, திரும்பி ஓட்டுவதற்காக வண்டியின் மறுமுனைக்கு நடந்து போனால் முடிந்தது. டப்பாவைத் திறந்து கரண்டியைக் கையில் எடுக்கும்போது கிளம்பச் சொல்லி விளக்கு எரியும். இத்தனை மாதமும் பிஸ்கட்டால் உயிரைப் பிடித்து வைத்திருந்தேன்.

போன வாரம் அந்த நிறுத்தத்துக்கு எதிரே ஒரு புதுக் கடை திறந்தார்கள். வாசலில் இளவட்டங்களின் வரிசை. வாயில் வைப்பதற்கு முன் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். விற்பது சுஷி, ஜப்பான்காரர்களின் சோற்றுச் சுருள். ஆனால் தட்டும் இல்லை, எடுத்துச் சாப்பிடும் குச்சிகளும் இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் மாதிரி, தடித்த காகிதமும் பிளாஸ்டிக்கும் கலந்தது. உள்ளே கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு, வட்ட வட்டமாக வெட்டி அடுக்கியிருக்கிறது. அடியில் ஒரு குச்சி. குச்சியைத் தள்ளினால் மேலே ஒரு துண்டு எட்டிப் பார்க்கிறது. கடித்துவிட்டு மறுபடி தள்ள வேண்டும். தொட்டுக்கொள்ளும் கறுப்பு சோயாச் சாறும் அந்தக் குச்சிக்குள்ளேயே. ஒரு கை போதும். மறு கையால் நான் கண்ணாடியைத் துடைக்கிறேன்!

வண்டியின் பக்கத்தில் சாய்ந்து நின்றுகொண்டு முதல் துண்டைக் கடித்தேன். புளிப்பும் இனிப்புமான குளிர்ந்த சோறு, நடுவில் வெள்ளரிக்காய். விளக்கு எரிவதற்குள் முழுவதையும் முடித்துவிட்டேன். ஒரு பருக்கைகூடச் சீருடையில் விழவில்லை. வாலு, ஒரு வேளைச் சோறு முழுதாகச் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பது எவ்வளவு சுகம் தெரியுமா?

உன் அண்ணன் நலம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஊசியைப் பல்லில் கடிக்காதே.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

வாலுவின் வணக்கம். காது அப்படியேதான். இடது பக்கம் நின்று திட்டுபவர்கள் திட்டுவது விழுவதில்லை என்பதால் மனசும் உடம்பும் நன்றாக இருக்கின்றன. முழங்காலுக்குக் கம்பளி உறை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். சீருடைக்குள் போட்டால் வெளியே தெரியாது.

குழாய் சுஷியைப் படித்துவிட்டுக் கடையில் தனியாகச் சிரித்தேன். கால்சட்டை குட்டையாக்க வந்தவர், தன் கால்சட்டையைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று முறைத்தார். எனக்குச் சில சந்தேகங்கள். உள்ளே பச்சை மீனும் இருக்குமா? ஐஸ் மாதிரி உருகி வழியுமா? வேகமாகத் தள்ளினால் எகிறிவிடாதா? முக்கியமான சந்தேகம்: அண்ணன் அதைச் சாப்பிட்டானா? ஒரு வாய் டீக்கே மேசையைத் துடைத்து, கோப்பைக்குக் கீழே தட்டு வைத்து, "உக்காரு, உக்காந்து குடி" என்று உயிரை வாங்குகிறவன் ஆயிற்றே. நீங்கள் தெருவில் நின்றுகொண்டு குச்சியைத் தள்ளித் தள்ளிச் சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால் அவன் முகம் எந்தக் கோணலில் போகும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அவன் என்ன சொன்னான் என்று வரி விடாமல் எழுதுங்கள்.

நேரத்துக்குத் தூங்குங்கள்.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள வாலுக்கு,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை. முழங்கால் உறை வந்தது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், நல்ல கதகதப்பு. உன் உடம்பு எப்படி?

உன் சந்தேகங்களுக்கு வருகிறேன். பச்சை மீன் வைத்ததும் உண்டு. நான் காய்கறியோடு நிற்கிறேன். உருகாது, ஆனால் வெயிலில் வைத்தால் சோறு நொந்துபோகும். எகிறுமா என்றால், எகிறும். எங்கள் டிப்போவில் ஒரு மூத்த ஓட்டுநர் இருக்கிறார். மீசை பெரியது, அதனால் எல்லோருக்கும் அவர் மீசைக்காரர். "என்னம்மா இது, மருந்துக் குழாயா?" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தவர், ஒருநாள் யாரும் பார்க்காதபோது ஒன்று வாங்கி ஓங்கித் தள்ளியிருக்கிறார். முதல் துண்டு அவர் மீசையில் மோதிவிட்டு சூப்பர்வைசரின் மேசையில் போய் உட்கார்ந்தது. சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்து, "இது புகாரா, விண்ணப்பமா?" என்று கேட்டாராம். இப்போது மீசைக்காரர் என்னைவிடப் பெரிய ரசிகர்.

ஒரு உதவி வேண்டும். குழாயைக் கைப்பையில் வைத்தால் சாய்ந்து சாறு கசிகிறது. என் சீருடைக் கோட்டின் உள்பக்கம் நீளமாக ஒரு பை வைத்துத் தர முடியுமா? வெளியே புடைப்புத் தெரியக்கூடாது. சீருடையில் கை வைக்கலாமா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். "வெளிய தெரியாத வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். மாற்றுக் கோட்டு கிடைத்ததும் இதை உனக்கு அனுப்புகிறேன்.

உன் அண்ணனுக்கு வேலை அதிகம்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

வாலுவின் வணக்கம். இங்கே எல்லாம் சரி. பழையதைவிடப் பெரிய பாத்திரம் ஒன்று வாங்கினேன். மாடி ஜன்னலின் கொக்கி மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்ததே, அதுவும் சரியாகிவிட்டது.

மீசைக்காரர் கதையை உரக்கப் படித்தேன். ரொம்ப நாள் கழித்து இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

கோட்டை அனுப்புங்கள். பை வைக்கிறேன். சொன்னால்தான் தெரியும், அந்த மாதிரி.

அங்கே உங்களுக்குச் சமையலுக்கெல்லாம் நேரம் கிடைக்கிறதா? இரவில் வீட்டுக்கு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன். அண்ணனை நான் ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாலு


மே 15

அன்புள்ள வாலுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இதோடு கோட்டு வருகிறது. இரண்டாவது பொத்தான் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதையும் பார்த்துவிடு. அவசரம் இல்லை.

நீ விசாரித்ததை உன் அண்ணனிடம் சொன்னேன். அவரும் உன்னை விசாரித்தார்.

அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாலுவின் வணக்கம். நலம். கோட்டு தயார், இந்தக் கடிதத்தோடு வருகிறது. முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது மார்புக்குக் கீழே, உள்துணிக்கும் மேல்துணிக்கும் நடுவே இறக்கியிருக்கிறேன். அடியில் ரெயின்கோட்டுத் துணி. சாறு கசிந்தாலும் கோட்டுக்குப் போகாது. வாயில் ஒரு சின்ன மடிப்பு. குனிந்தாலும் குழாய் எட்டிப் பார்க்காது. பொத்தானும் இறுகிவிட்டது.

அளவு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். உங்கள் நாகரிகம் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது! ரயில் நிலையத்தில் ஒரு பெட்டிக்கடையில் குழாய் குழாயாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அளவெடுக்க ஒன்று, தின்ன ஒன்று என்று இரண்டு வாங்கினேன். கடைக்குத் திரும்பினால் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். பசித்த முகம். மனசு கேட்கவில்லை, ஒன்றை நீட்டினேன்.

குழாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தட்டு எங்கே?" என்றார். "தட்டு வேணாம், அப்படியே சாப்பிடறதுதான்." "எப்படி, நின்னுகிட்டா?" "நின்னுகிட்டு, நடந்துகிட்டு, உங்க இஷ்டம்." ரொம்ப நேரம் யோசித்தார். உட்கார்ந்தேதான் சாப்பிட்டார். அவர் குச்சியைத் தள்ளிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெடிகுண்டைக் கழற்றுகிற மாதிரி, நூல் நூலாக. முதல் துண்டைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"நல்லா இருக்கா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். வீட்டில் துக்கம் நடந்த மாதிரி ஒரு குரல். முடித்த பிறகு குழாயைக் கழுவித் துடைத்து, மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, "இதை எங்க வைக்கணும்?" என்றார். "குப்பையில" என்றேன். அவருக்கு மனசே இல்லை.

எனக்குப் பிடித்திருந்தது. கடற்பாசித் தாள் மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வாடகைக்கு இருக்கப் பார்த்தது.

அண்ணி, வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கோட்டைப் பார்த்தால் முன்பைவிட ஒல்லியாகிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.

அன்புடன்,
வாலு


ஜூன் 17

வாலு,

நலம். கோட்டு கிடைத்தது. பை அருமை. சூப்பர்வைசருக்கு எதுவும் தெரியவில்லை.

தூக்கிப் போடுகிற குழாயைக் கழுவித் துடைத்து வைக்கிற மனிதர் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

உன் வாடிக்கையாளர் எவ்வளவு நாளாக உன் வீட்டில் இருக்கிறார்? சரியாகத் தூங்குகிறாரா?

அண்ணி


ஜூலை 21

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது, கைதான் ஓடவில்லை.

அண்ணன் ஏப்ரல் கடைசியில் வந்தான். யாரோ நண்பர் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தானாம். கையில் பெரிய பெட்டி, தோளில் கணினி. "ரெண்டு வாரம் இங்க இருந்து வேலை பார்க்கப் போறேன். வரைபடம்தானே, எங்க இருந்தா என்ன?" என்றான். இரண்டு வாரத்துக்கு யாராவது குளிர்காலக் கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் எடுத்து வருவார்களா? நான் கேட்கவில்லை. மறுநாளே ஜன்னல் கொக்கியைச் சரி செய்தான். அதற்கு மறுநாள் கதவை. எதையாவது சரி செய்துகொண்டே இருந்தான். மாடியில் சரி செய்ய எதுவும் பாக்கி இல்லாமல் போனதும்தான் எனக்குப் பயம் வந்தது.

"அவளுக்கு எழுதறப்ப நான் இங்க இருக்கறதை எழுதாதே" என்று கேட்டுக்கொண்டான். சரி என்றேன். அதனால்தான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்காவது நீங்கள் வாய் திறப்பீர்கள் என்று நினைத்தேன். "உன் அண்ணனிடம் சொன்னேன், அவரும் விசாரித்தார்" என்ற உங்கள் வரி வந்தபோது அவன் எனக்கு எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்கள் கோட்டைப் பிரித்து மேசையில் போட்டிருந்த அன்று மாடியிலிருந்து இறங்கி வந்தான். பார்த்தவுடன் நின்றுவிட்டான். யாருடையது என்று அவன் கேட்கவில்லை. கழுத்துப் பட்டையில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எடுத்தான். பிறகு, "எதுக்கு இவ்வளவு நீளப் பை?" என்றான்.

"சாப்பாடு வைக்க."

"பாக்கெட்லயா சாப்பாடு?"

"அண்ணிக்கு உக்கார நேரமில்லை. என்ன பண்ணுவாங்க?"

மாடிக்குப் போய்விட்டான். அதற்கப்புறம்தான் ரயில் நிலையத்துக்குப் போய் அந்தக் குழாய்களை வாங்கி வந்தேன். சாப்பிடும்போது, "அண்ணிகூட என்ன பிரச்சினை?" என்று கேட்டும் பார்த்தேன். மென்று முழுங்கினான். வாயில் சோறு இருந்ததால் அது எந்த மென்று முழுங்கல் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அண்ணி, அவனுக்காக நான் பரிந்து பேசவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. அப்பா கடையிலேயே தின்றுவிட்டு வருவார். அம்மா எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு பாத்திரத்தில் மிச்சமிருப்பதை வழித்துத் தின்பாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை. அண்ணன் வேலைக்குப் போய் முதலில் வாங்கியது ஒரு மேசையும் நாற்காலிகளும். ஆனால் அம்மா அதற்குப் பிறகும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள். பழக்கம்.

இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டால் உங்களை நான் என்ன என்று கூப்பிடுவது?

வாலு


ஆகஸ்ட் 4

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைக் கடைசி நிறுத்தத்தில் படித்தேன். அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியைத் தாமதமாக எடுத்தேன். மற்றபடி நலம்.

நானே சொல்லியிருக்க வேண்டும். எப்படி எழுதினாலும் உன் அண்ணனைப் பற்றிப் புகார் செய்கிற மாதிரி வந்தது. அவரிடம் புகார் சொல்ல என்ன இருக்கிறது? குடிக்கிறாரா, அடிக்கிறாரா? சமைப்பார். மேசை விரிப்பை நீவிவிட்டு இரண்டு தட்டு வைத்து, எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார். நான் மாலை முறை வேலை முடிந்து வரும்போது எல்லாம் ஆறியிருக்கும். அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். "பசிக்கலையா?" என்றால், "நீ வரட்டும்னு இருந்தேன்" என்பார். வீட்டுக்கு வருவதே குற்றம் செய்துவிட்டு வருவது போல ஆகிவிட்டது. காலை முறையிலோ, அவர் எழுந்து மேசை போடுவதற்குள் நான் கிளம்பியாக வேண்டும். "இந்த வேலை எதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். அதற்குமேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் கடைசியில் ஒருநாள் குழாய் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன், அவருக்குக் காட்டலாம் என்று. பசி தாங்காமல் சமையலறையில் நின்று நானே சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். கூடத்தில் மேசையில் இரண்டு தட்டு இருந்தது. அவர் வாசற்படியில் வந்து நின்று என்னையே பார்த்தார். "நீ நின்னுகிட்டு சாப்பிடறதை என்னால பார்க்க முடியல" என்றார்.

"அப்ப பார்க்காதீங்க" என்றேன்.

அவ்வளவுதான், வாலு. கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. அடுத்த வாரம் பெட்டியை அடுக்கினார். நண்பர் வீட்டுக்குப் போகிறேன் என்றார். சரி என்றேன். அவரும் நின்று பார்த்தார், நானும் நின்று பார்த்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

உன் அம்மாவைப் பற்றி நீ எழுதியதை இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்னதில்லை. அடுப்படியில் வழித்துத் தின்கிறவளைத்தான் அன்று என்னிடத்தில் பார்த்தாரா? நான் அப்படியா நின்றேன்? பகலெல்லாம் இரண்டு பெட்டி நிறைய ஆட்களை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு வந்து, பசியோடு, சந்தோஷமாக நின்றேன். அது அவருக்குத் தெரியவில்லை. நானும் தெரியப்படுத்தவில்லை.

என்னை என்ன என்று கூப்பிடுவது என்று கேட்டாய். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ. கடையை நாலு நாள் பூட்டினால் ஊரில் யாருடைய கால்சட்டையும் கழன்றுவிடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். அவரையும் பார்த்துக்கொள்.

அண்ணி என்றே இப்போதைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். இடுப்பு மட்டும் ரயில் இருக்கையின் வடிவத்திலேயே இருக்கிறது. நீங்கள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பாதி வழியிலேயே காலி செய்துவிட்டேன்.

அந்த நாலு நாளையும் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். இருந்தாலும் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வண்டியில் முதல் இருக்கையில் உட்கார்ந்து உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உங்களுக்கு அப்படி ஒரு முதுகு கிடையாது. குறுகலான தெருவில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே நின்றதே, அப்போது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், திட்டினார்கள். நீங்கள் மணியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக் காத்திருந்தீர்கள். அவன் தானாகவே வெட்கப்பட்டு நகர்ந்தான்.

கடைசி நிறுத்தத்தில் இரண்டு பேரும் வண்டியில் சாய்ந்து நின்று சாப்பிட்டோமே, அப்போது மீசைக்காரர் வந்து, "யாரும்மா இவங்க?" என்று கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வாய் நிறையச் சோற்றோடு, யோசிக்கக்கூட இல்லாமல், "என் நாத்தனார்" என்றீர்கள். அடுத்த துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள், அதனால் என் கண்ணை நீங்கள் பார்க்கவில்லை. காரத்தால் என்று மீசைக்காரரிடம் சொன்னேன். நான் வாங்கியதில் காரமே கிடையாது.

உங்களை என்ன என்று கூப்பிடுவது என்ற பேச்சை நான் அதற்குப் பிறகு எடுக்காதது அதனால்தான். அண்ணனும் நீங்களும் என்ன முடிவு செய்தாலும் எனக்கு நீங்கள் அண்ணி. இதற்கு யாருடைய சம்மதமும் எனக்கு வேண்டாம்.

இனி இங்கே நடந்தது. அண்ணன் ரயிலடிக்கே வந்திருந்தான். வீடு வரைக்கும் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டு வைத்திருந்தான், மேசை, தட்டு, எல்லாம். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தண்ணீர்க் குவளையை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். நானே ஆரம்பித்தேன். உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன், மன்னியுங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க பசியோட, சந்தோஷமா நின்னாங்களாம். நீ அம்மாவைப் பார்த்துட்டே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, "வண்டி எப்படி ஓட்டறா?" என்றான்.

"நல்லா ஓட்டறாங்க. நிக்கறதே தெரியல. கையில இருக்கற தண்ணி தளும்பாது."

"அப்படியா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நான் ஒரு தடவைகூட ஏறினதில்ல" என்றான்.

எழுந்து என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தான். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். நேற்று வந்து, அந்த டிராம் எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பும் என்று கேட்டான். "எந்த டிராம்?" என்றேன், வேண்டுமென்றே. முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான் என்ன பதில் சொல்லட்டும்? நீங்கள் வேண்டாம் என்றால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்கிறபடிதான்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
வாலு


செப்டம்பர் 19

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீ போன பிறகு வீட்டில் இரண்டு நாள் சத்தமே இல்லை. சீப்பை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

உன் அண்ணனுக்கென்று தனியாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை. இதைப் படித்துக்காட்டுவதானால் காட்டு.

இந்த மாதம் முழுவதும் எனக்குக் காலை முறை. டிப்போ வாசலிலிருந்து ஏழு மணி வண்டி. டிராம் பொது வண்டி, சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஏறலாம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஓட்டுநர் அறைக் கதவில், வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. எனக்கு விதியை மீறிப் பழக்கமில்லை. ஆகவே வழியில் பேச்சு கிடையாது.

கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும். அங்கே பேசலாம். நான் நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணி